சிங்கப்பூர் ஆற்றங்கரை: கேள்வி பதில்

கே: நகரத்து ஆற்றங்கரையைச் சீரமைக்க நினைத்தால் முதல் இலக்கு எது ஐயா? நடைபாதையா, பூங்காவா?

ப: இரண்டும் இல்லை, தண்ணீர். 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ இலக்கு வைத்தபோது கட்டடம், விளக்கு என்ற பேச்சே இல்லை. பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். தூண்டில் போட்டால் உண்மை தெரிந்துவிடும், அறிக்கை எழுதி மழுப்ப முடியாது. 1987இல் பணி முடிந்தது.

கே: அதற்குப் பத்து வருஷமா? தூர் வாரினால் போதாதா?

ப: தூர் வாரியதெல்லாம் அப்புறம்தான். முதலில் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார்கள். ஆற்றின் மேற்பகுதியில் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை. கரையோரம் கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள். தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டு கழுவிய தண்ணீரும் மிச்சம் மீதியும் நேரே சாக்கடை வழியாக ஆற்றுக்குத்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுச் சேற்றை மட்டும் அள்ளியிருந்தால் மறுவருஷமே மறுபடி அள்ள வேண்டியதுதான். சுமார் 26,000 குடும்பங்கள் வேறு வீடுகளுக்கு மாறின. ஏறத்தாழ 5,000 தெருக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் சந்தைகளுக்கும் போனார்கள்.

கே: அவர்களுக்கு நியாயம் கிடைத்ததா?

ப: வீடும் கடையும் கிடைத்தன, அது சின்ன விஷயமில்லை. ஆனால் வாத்து வளர்த்தவர் அடுக்குமாடி வீட்டில் என்ன வளர்ப்பார்? குடியிருப்புக்கு வழி சொல்கிற திட்டங்கள் பிழைப்புக்கு வழி சொல்வது குறைவு. என்னைக் கேட்டால், தண்ணீருக்கு அடுத்த இலக்கு அதுதான்.

கே: ஆற்றில் சரக்கு ஏற்றிய தொங்கான் படகுகள் என்ன ஆயின?

ப: 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகளை மேற்குக் கரையில் உள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். முகப்பில் கண் வரைந்த படகுகள் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழிலில் நம் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். ஆனால் கொள்கலன் கப்பல் வந்தபோதே தொழில் தேய ஆரம்பித்துவிட்டது.

கே: பழைய கட்டடங்கள்?

ப: ஆற்றங்கரையில் உள்ள போட் கீயின் கடைவீடுகளுக்கு, அதாவது கீழே கடையும் மேலே வீடுமான பழைய கட்டடங்களுக்கு, 1989இல் பாதுகாப்பு கிடைத்தது. பக்கத்திலேயே மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளுக்கு, அதாவது செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் செய்த கட்டடங்களுக்கு, அந்தக் கொடுப்பினை இல்லை, இடித்துவிட்டார்கள்.

கே: கூவத்துக்கு இது சரிவருமா அண்ணே?

ப: வரும். வீட்டுச் சாக்கடை கலப்பதை நிறுத்திவிட்டு வாருங்கள், பூங்காவைப் பற்றிப் பேசலாம்.

கே: இவ்வளவு செலவழித்து என்ன லாபம்?

ப: குடியிருப்பு மாற்றச் செலவு போக சுமார் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஆனது. ஓட்டல், சுற்றுலா வருமானம் எல்லோருக்கும் தெரிந்தது. பலர் யோசிக்காதது குடிநீர். 2008இல் மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்ததும் ஆற்றின் முகத்துவாரமே நீர்த்தேக்கமாகிவிட்டது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. பழைய சாக்கடை ஆறாகவே விட்டிருந்தால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிப்பதைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?