கயிறு மாறிய பிறகு

கேள்வி: அரபுக் குதிரைகளுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்துப் பாண்டியர்கள் வணிகர்களிடம் ஏமாந்தார்கள் என்கிறார்களே? உள்நாட்டிலேயே வளர்த்து வாங்கி விற்றிருக்கலாமே? – வாசகர், தூத்துக்குடி.

பதில்: குதிரை விஷயத்தில் பாண்டியனை ஏமாற்றியவர்கள் என்று கணக்கெடுத்தால், முதல் பெயர் மதுரைச் சொக்கநாதருடையது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை மந்திரி வாதவூரர் (பின்னாளில் மாணிக்கவாசகர்) திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். ஆவணி மூலத்தன்று ஈசனே குதிரை வணிகராக வந்து, நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போது மறக்காமல் கயிறு மாற்றிக் கொடுத்தார். கயிறு கை மாறிவிட்டால் அப்புறம் விற்றவருக்குப் பொறுப்பில்லை. அன்றிரவே புதுச் சரக்கு ஊளையிட்டது. லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடியது. அரசன் பிடித்தது விற்றவரையா? இல்லை, தன் கொள்முதல் அதிகாரியை. வைகையின் சுடுமணலில் நிற்க வைத்தான். இன்றைக்கு நம் அரசு அலுவலகங்களுக்கு வாங்கப்படும் கணினிகளும் கயிறு மாறிய மறுநாளே ஊளையிடுகின்றன. சுடுமணல்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

புராணம் போகட்டும். குலசேகர பாண்டியன் காலத்து வியாபாரத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்புவது என்று ஒப்பந்தம். தலைக்கு 220 செம்பொன் தினார். வழியில் செத்துப்போன குதிரைக்கும் அதே விலை! கடலில் மூழ்கிய குதிரைக்கும் காசு கொடுக்கச் சம்மதித்த அசடு யார் என்று கேட்பீர்கள். அசடு யாரும் இல்லை. பாண்டியனின் அரசவையில் அமைச்சராக இருந்த தகியுத்தீன், ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவர். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. விற்பவர் அண்ணன், சரக்கு இறங்கும் துறையில் தம்பி. இதற்கு ‘ஏமாந்தார்கள்’ என்று பெயர் வைப்பது நம் சரித்திர ஆசிரியர்களின் பெருந்தன்மை. ஏமாறுவதற்கு இரண்டு தரப்பு வேண்டுமே, ஐயா!

உள்நாட்டில் வளர்த்திருக்கலாமே என்கிறீர்கள். நல்ல பொலிகுதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் இந்நாட்டில் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தீனியோ வேகவைத்த சோறும் இறைச்சியும்! வாங்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். போலோ எண்ணிக்கையில் தாராளமானவர். பாதியை நம்பினால் போதும். ஆனால் அவர் சொல்லும் இன்னொன்றை முழுதாகவே நம்புகிறேன்: குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்த வணிகர்களேதான். செத்தால்தானே அடுத்த கப்பல்?

குதிரை என்று எழுதினாலே அடுத்த தபாலில் மன்றோ வந்துவிடுவார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் பழைய சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோவின் சிலையில் சேணமும் இல்லை, கால் வைத்து ஏறும் அங்கவடியும் இல்லை. அதை மறந்துபோனதற்காகச் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று எழுதும் அன்பர்கள் குறைவதாகவே தெரியவில்லை. அந்தச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் அப்படித்தான் வெறும் முதுகில் உட்கார வைத்திருக்கிறார். அரசருக்கும் மறதி, ஆளுநருக்கும் மறதியா? மன்றோ சிலை 1839இல் நிறுவப்பட்டது. சான்ட்ரி இறந்தது 1841இல், அதுவும் நோயால். இனி அங்கவடி பற்றி வரும் கடிதங்கள் பிரிக்கப்படாமலே பழைய பேப்பர்காரரிடம் போகும்.