பெக்டரியில் முதலுதவி, தீப் பயிற்சி: இரண்டு பேரை அனுப்பினால் போதுமா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரி ஒபிஸில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சான்றிதழ் ஒடிட் வருகிறதாம், முதலுதவிப் பயிற்சியும் தீயணைப்புப் பயிற்சியும் நடந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமாம். பெக்டரியில் ஐம்பது பேரளவில் இரவு பகலாக மாறி மாறி வேலை செய்கிறார்கள். ஒபிஸிலிருந்து இரண்டு பேரை டவுனில் நடக்கும் ஒருநாள் வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறார் தொரை. இது போதுமா, இல்லாவிட்டால் என்ன செய்வது?

போதாது தம்பி. ஒடிட் ஃபைலுக்கு அந்த இரண்டு பேர் போதுமாக இருக்கலாம், ஆனால் வாட்டிய கொழுந்து விடியற்காலையில் ரோலருக்கு இறங்கும் நேரத்தில் உங்கள் ஒபிஸ் பூட்டிக் கிடக்கும், அந்த நேரத்தில் ஒருவர் விழுந்தால் ஓடி வரப்போவது பக்கத்தில் நிற்கும் ஆள்தான். அதனால் தலையை எண்ணாதீர்கள், ஷிப்டை எண்ணுங்கள். ஒரு ஷிப்டுக்குக் குறைந்தது மூன்று பேர். ஏன் மூன்று என்றால், ஒருவர் லீவில் இருப்பார், இன்னொருவரே அடிபட்டவராக இருக்கலாம், அதோடு இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் வேலையை ஒரே ஆள் தொடர்ந்து செய்யவும் முடியாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீற்றருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும், இரண்டு நிமிடத்திலேயே கை தளர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். நம் மலைப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வரும் வரைக்கும் மாற்றி மாற்றி அழுத்த ஆள் வேண்டுமே.

செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறார்கள். பெக்டரிக்கே வந்து நடத்தித் தர முடியுமா என்று கேளுங்கள், தமிழில் பேசும் பயிற்றுநர் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இது ரொம்ப முக்கியம். பாதி புரிந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவசரத்தில் தயங்கி நிற்பார். பொம்மையில் ஒவ்வொருவரும் தன் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும், பவர்பொயின்டை மட்டும் காட்டிவிட்டுப் போகும் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

அடுத்தது, உங்கள் பெக்டரியில் நடக்கக்கூடிய காயங்களைச் சொல்லி அவற்றையே படிப்பிக்கச் சொல்லுங்கள். ட்ரையர் அடுப்பு வாயில் கை சுட்டால் உடனே பற்பசை தேடி ஓடுகிறார்கள். வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, ஓடும் பைப் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது, தோலில் ஒட்டிய துணியை உரிக்கவும் கூடாது. 20 நிமிடம் என்பது நம் குளிரில் நடுங்க வைக்கும் நேரம், அதனால் உடம்பின் மற்றப் பகுதியைக் கம்பளியால் போர்த்திவிடுங்கள். ரோலரிலோ சல்லடை மெசினிலோ விரல் துண்டானால் முதலில் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பக் கூடாது. துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு அனுப்புங்கள். விரல் நேரடியாக ஐஸில் பட்டால் சதை கெட்டுவிடும். கரண்ட் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்ச். அது எங்கே இருக்கிறது என்று இரவு ஷிப்டில் எல்லோருக்கும் தெரியுமா, இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

மலையில் வேலை பார்க்கும் கங்காணிமாரையும் விட்டுவிடாதீர்கள். குளவி கொட்டி முகம் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அது டிஸ்பென்சரி மாத்திரையோடு தீரும் விஷயம் இல்லை, உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மயங்குகிறவரை எழுப்பி நடக்க வைக்காமல் படுக்க வைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம்.

சரி, தீ. பெக்டரியில் நான் பயப்படுவது பஞ்சு மாதிரி படியும் அந்தத் தேயிலைத் தூசுக்குத்தான். ட்ரையருக்கு மேலே உள்ள உத்தரத்தில், மோட்டார் மூடியில், லைட்டின் தலையில் விரலால் தடவிப் பாருங்கள், வழித்தெடுக்கும் அளவுக்கு இருக்கும். ஒரு பொறி போதும், பழைய பெக்டரி என்றால் மேலே வாட்டும் மாடி முழுக்கப் பலகை. தூசு துடைப்பதை வாரவேலையாக ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். தீயணைப்புச் சிலிண்டரை ஒவ்வொருவரும் ஒருதடவையாவது அழுத்திப் பார்க்க வேண்டும்: பின்னை இழுத்து, நெருப்பின் அடியைக் குறிவைத்து, அழுத்தியபடி பக்கவாட்டில் வீச வேண்டும். 6 கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடம் கூட வராது, கொழுந்துவிட்ட சுவாலையின் மேல் அடித்துத் தீர்த்தால் அவ்வளவுதான். கரண்ட் போர்டுக்குக் காபனீரொட்சைட்டு, தண்ணீர் கூடவே கூடாது. ஒரு சிலிண்டரில் அடங்காவிட்டால் இன்னொன்றைத் தேடி ஓடாமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். தூள் மூட்டை அடுக்கி மறைத்த கதவும், திருட்டுக்குப் பயந்து இரவில் பூட்டிய கதவும் அப்போதுதான் ஆளைக் கொல்லும். ஒத்திகையை ஒருதடவையாவது இரவு ஷிப்டில் வையுங்கள், பெயர் கூப்பிட்டு எண்ணுவது யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110. இரண்டையும் போனுக்குப் பக்கத்தில் ஒட்டும்போது வழியையும் எழுதி ஒட்டுங்கள். தோட்டத்துக்கு ரெக்கோட்டில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் வேறு பெயர், டிரைவருக்குத் தெரிவது முதல் பெயர்தான். எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தப் பாலம் என்று தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், சந்திக்கு டோர்ச்சோடு ஒருவரை அனுப்பவும் வேண்டும்.

தொரையிடம் போகும்போது கணக்கோடு போங்கள். இரண்டு பேரின் பஸ் காசு, நாட்சம்பளம், வகுப்புக் கட்டணம் ஒரு பக்கம். பயிற்றுநர் ஒருவர் இங்கே வந்து இருபது பேருக்குச் சொல்லித் தர என்ன கேட்கிறார் என்பது மறுபக்கம். ஷிப்ட் வாரியாகக் கையெழுத்தும் திகதியும் உள்ள பதிவேடு ஒன்று போட்டால் ஒடிட்காரருக்கும் அதைவிட நல்ல அத்தாட்சி தேவைப்படாது, 1942ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பார்க்க வரும் தொழில் திணைக்கள அதிகாரிக்கும் அதையே காட்டலாம். முதலுதவிப் பெட்டியின் சாவி மட்டும் ஒபிஸ் லாச்சியில் இருக்கக் கூடாது.