இருபதாயிரம் குடுத்தாலும் ஃப்ளாஷ் ஓடாது

கேள்வி: சார், பெரியவன் சின்ன வயசுல பார்த்த அனிமேஷன் பாடம் ஒரு பழைய சைட்ல அப்படியே இருக்கு. இப்ப சின்னவளுக்கு காட்டலாம்னு போன்ல திறந்தா படம் வர்ற இடத்துல வெறும் கட்டம், 'ஃப்ளாஷ் பிளேயர் போடுங்க'ன்னு எழுதியிருக்கு. கடைக்காரர் "உங்க போன் லோ எண்ட், இருபதாயிரம் ரேஞ்சுக்கு போங்க, எல்லாம் ஓடும்"ங்கறார். மாத்திடலாமா?

பதில்: மாத்தாதீங்க. லட்ச ரூபா போன்லயும் அந்தக் கட்டம் கட்டமாத்தான் இருக்கும். ஃப்ளாஷ்ங்கறது சைட்ல அனிமேஷன், வீடியோ, கேம் ஓட்டின பழைய சாஃப்ட்வேர். அத வச்சிருந்த அடோபி கம்பெனி 2020 டிசம்பர் 31ஓட அதுக்கு மூடுவிழா நடத்திட்டாங்க, போன்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சு போச்சு.

கடைக்காரர் சொல்றது ஒரு காலத்துல பாதி உண்மைதான். 2010ல ஆண்ட்ராய்டு 2.2க்கு ஃப்ளாஷ் 10.1 வந்துச்சு, ஆனா ஏஆர்எம்வி7 ரக ப்ராசஸர் இருந்தாத்தான் ஏறும், அதனால 2011ல வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் மாதிரி விலை கம்மி போன்ல ஏறல, விலை கூடின போன்ல ஏறிச்சு. ஏறி என்ன பிரயோஜனம், திக்கித் திணறித்தான் ஓடும், போனும் சூடாகும்.

ஏன்னா அது மவுஸ் வச்ச கம்ப்யூட்டருக்காக செஞ்சது. அம்புக்குறிய மேல கொண்டு போனா மெனு விரியற மாதிரி எத்தனையோ சைட், விரல்ல அது எப்படி நடக்கும்? தொட்டா தொட்டது, இல்லன்னா இல்ல. அடுத்தது பேட்டரி. வீடியோவ சிப்புல அதுக்குன்னு இருக்கற பகுதி பிரிச்சா கரண்ட் கொஞ்சம்தான் போகும், ப்ராசஸர் தலையில கட்டினா உறிஞ்சிடும், ஃப்ளாஷ் வீடியோ நிறைய இப்படித்தான் ஓடிச்சு. ஐபோன்ல 10 மணி நேரம் ஓடற வீடியோ அப்படி ஓட்டினா 5 மணி நேரம் கூட தாங்காதுன்னு அப்ப ஆப்பிள் தலைவரா இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரல்ல எழுதினார், ஐபோன்ல கடைசி வரைக்கும் ஃப்ளாஷ விடவே இல்ல. (சைட்லயே கேம் ஓசியா கிடைச்சா ஆப் ஸ்டோருக்கு எவன் வருவான்ங்கற கணக்கும் இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.) 2011 நவம்பர்ல அடோபியே மொபைல் ஃப்ளாஷ கைவிட்டாங்க, 2012 ஆகஸ்ட்ல ப்ளே ஸ்டோர்ல புதுசா இறக்கறதும் நின்னு போச்சு.

உங்க பாடத்துக்கு வழி இருக்கு, காசும் வேணாம். ரஃபிள்னு ஒண்ணு, பழைய ஃப்ளாஷ் ஃபைல ஓட்டிக் காட்டும், ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்ல ஆட்-ஆனா போட்டுக்கலாம். ரொம்ப பழசுன்னா அனேகமா நல்லாவே ஓடும், பின்னாடி வந்த ஃப்ளாஷ் ப்ரோக்ராம் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3ல செஞ்சதுன்னா சிலது முரண்டு பிடிக்கும். சைட்காரங்களே ரஃபிள சேர்த்துட்டா எந்த போன்லயும் தெரியும், ஒரு மெயில் போட்டு கேட்டுப் பாருங்க.

ஆனா 'ஃப்ளாஷ் பிளேயர் ஏபிகே'ன்னு (ஏபிகேன்னா ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) எங்கயாவது கிடைச்சா தொடாதீங்க, அந்தப் பேர்ல பேங்க் பாஸ்வேர்ட் திருடற ஆப் நிறைய சுத்துச்சு.

கடைக்காரர் இன்னும் விடலன்னா, அந்த இருபதாயிரம் ரூபா போன்ல அந்த சைட்ட திறந்து காட்டச் சொல்லுங்க, அப்புறம் பர்ஸ எடுக்கலாம்.