1930களின் ஆர்ட் டெக்கோ (வடிவியல் கோடுகள் கொண்ட அந்தக் கால அலங்கார பாணி) லைட்டர் என்று விற்கிறார்கள், அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். கேஸ் நிரப்பும் வால்வு இருந்தால் பேச்சே வேண்டாம், அது 1930களுடையது இல்லை. பியூட்டேன் கேஸ் லைட்டர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கடைக்கு வந்தன. அந்தக் காலத்து ரான்சன், டன்ஹில் கம்பெனி லைட்டர்கள் எல்லாம் உள்ளே அடைத்த பஞ்சில் பெட்ரோல் வகைத் திரவம் ஊற்றி எரிப்பவை. பொறித்திருக்கும் காப்புரிமை எண்ணை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. ஒரே எண்ணைப் பல வருடம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தீப்பொறிக் கல் போடும் குழாய். பழைய கல் உள்ளேயே உப்பி இறுகியிருக்கும். திருகைக் கழற்றிக் காட்ட மறுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கறுத்திருந்தால் பரவாயில்லை. பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மெல்லிய குரோம் முலாம் போய்ப் பித்தளை பல்லிளிக்கும். எனாமல் (கண்ணாடி போன்ற வண்ணப் பூச்சு) உதிர்ந்ததை மட்டும் நான் தொடவே மாட்டேன். அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி, செலவும் கூட.