“என் ஃப்ரெண்ட்ஸாலதான் வீடு மாறுறோமா?”

கேள்வி: டெக்சஸில், டல்லாஸை அடுத்த பிளேனோவில் எட்டு வருடமாக இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் அவள் போகவேண்டிய அரசுப் பள்ளியில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அதிகம், ரேட்டிங் பத்துக்கு 6. “நம்ம பிள்ளைங்களுக்கு அது சரிப்படாது” என்று தெரிந்தவர்கள் பலர் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவுக்குப் போய்விட்டார்கள். கணவரும் அதையே சொல்கிறார். போனால் வீட்டுக்கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். போன வாரம் மகள், “என் ஃப்ரெண்ட்ஸாலதான் வீடு மாறுறோமாம்மா?” என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடன், ரேட்டிங் எல்லாம் அப்புறம். உங்கள் பெண் கேட்டதற்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

“நம்ம பிள்ளைங்களுக்குச் சரிப்படாது” என்பது நான் சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் பேச்சு. ஊரில் அரசுப் பள்ளியில் சேர்க்காததற்கு, “அங்க எல்லாத் தெருப் பசங்களும் வருவாங்க” என்பார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்கமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். பிளேனோவில் அந்தப் பேச்சுக்கு ரேட்டிங் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இனத்தைக் காட்டி “இங்கே வாங்காதீர்கள், அங்கே வாங்குங்கள்” என்று வீட்டு ஏஜென்ட் திசைகாட்டக் கூடாது. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் ஜில்லோ என்ற வீடு விற்பனை இணையதளத்தில் வீட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே கீழே போனால் பள்ளிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் நிற்கிறது, பத்துக்கு இத்தனை என்று. ஏஜென்ட் சொல்லக் கூடாததை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. பள்ளிகளை மதிப்பிடும் கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பு தரும் அந்த எண்ணில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் சம்பளத்தையும் படிப்பையும் ஒட்டியே ஏறி இறங்கும். இந்த விமரிசனத்துக்குப் பிறகு 2020இல், பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். அந்த உட்பிரிவைத் திறந்து பாருங்கள். ஒரு பள்ளி, வரும்போதே தேறிய பிள்ளைகளை வைத்துப் பெயர் வாங்குகிறதா, வந்த பிள்ளைகளைத் தேற்றுகிறதா என்று ஓரளவு அதில் தெரியும்.

இன்னொன்றும் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டல்லாஸ் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து 1970இல் தொடுத்த வழக்கு 2003 வரை நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவேண்டி வரும் என்றதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பல புறநகருக்குக் கிளம்பின. 1974இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறில் பங்கில்லாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை நகரத்தோடு சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கச் சொல்ல முடியாது என்றது. எல்லையைத் தாண்டிவிட்டால் போதும் என்றாகிவிட்டது. 1970இல் சுமார் 18,000 பேர் இருந்த பிளேனோ 1980இல் 72,000 பேருக்கு மேல் ஆனதில் புதுக் கம்பெனிகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் பங்கு உண்டு, இந்த ஓட்டத்துக்கும் உண்டு. அப்படி ஓடி வந்தவர்கள் வளர்த்த ஊரிலிருந்துதான் இன்று நாம் அடுத்த ஊருக்கு ஓடப் பார்க்கிறோம்.

நம்மைப் பார்த்தும் ஓடியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ பகுதியில் மாண்டா விஸ்டா, லின்புரூக் பள்ளிகளில் மதிப்பெண் உச்சத்தில் இருந்தபோதே வெள்ளைக்காரப் பெற்றோர் சிலர், ஆசியப் பிள்ளைகள் அதிகம், படிப்பு படிப்பு என்று போட்டி அதிகம் என்று விலகினார்கள். 2005இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் பெரிய செய்தியாகவே வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உங்கள் மகளின் தோழி வீட்டில் இன்று யாருக்கோ அப்படித்தான் எரியும்.

உங்கள் கணவரின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. கால்குலஸ், இயற்பியலில் ஏபி எனப்படும் கல்லூரி நிலை வகுப்புகள் சரியாக நடக்கின்றனவா என்பது நியாயமான கேள்வி. அதைப் பள்ளியின் கவுன்சலரிடம் நேரில் கேளுங்கள். கூடவே, அந்த வகுப்புகளில் எந்தெந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே கட்டடத்துக்குள் ஏபி அறையில் நம் பிள்ளைகளும் மற்ற அறைகளில் மற்றவர்களும் என்றிருந்தால், அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுப்பவேண்டியது உங்கள் வேலையும்தான். பிளேனோவில் 9, 10ஆம் வகுப்பு ஒரு பள்ளி, 11, 12 ‘சீனியர் ஹை’ என்ற வேறு பள்ளி. ஆகவே கணவர் பயப்படும் பள்ளி இரண்டே வருடம்.

ஃபிரிஸ்கோ போனால் கல்லூரி எளிது என்றும் நினைக்கவேண்டாம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கையிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 5 சதவீதத்துக்குத்தான் நேரடி இடம் என்று அறிவித்திருக்கிறது. 500 பேர் வகுப்பில் 25 பேர். அதிலும் கேட்ட பாடப்பிரிவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எல்லா வீட்டிலும் உங்கள் கணவரைப் போல ஒருவர் இருக்கும் பள்ளியில் அந்த 25க்குள் வர ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும்?

என் மனசுக்கு, நீங்கள் மாற வேண்டாம் என்றே படுகிறது. ஆனால் முடிவு பள்ளிக்குள் போய்ப் பார்த்த பிறகு இருக்கட்டும். மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு, வகுப்பு நடக்கும் ஒரு நாளில் அனுமதி வாங்கிப் போங்கள். அதற்கு முன் இன்று ராத்திரியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆமாம்மா, அதுவும் ஒரு காரணமா இருந்துச்சு, அது தப்பு” என்று சொல்லிவிடுங்கள்.