ஸ்டென்ட் வைத்தவர் போனைப் பார்த்து நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. ரிட்டயர் ஆகி தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். செப்டம்பரில் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள், டிராஃபிக்குக்குப் பயந்து இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டேன். சென்னையிலிருந்து வந்த மகன் போனில் ஒரு ஆப் போட்டு, கையில் வாட்சும் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அது தினம் 10,000 அடி கேட்கிறது. நாடித்துடிப்பு 110 வரவில்லை, வேகமாக நடங்கள் என்று மணியடிக்கிறது. எனக்கோ 90ஐத் தாண்டுவதில்லை. மெட்டோபுரோலால் சாப்பிடுகிறேன். என்ன செய்வது? மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறலாமா?

பதில்: முதலில் அந்த மணியை அணையுங்கள் சார். 220லிருந்து உங்கள் வயதைக் கழித்தால் 157, அதில் 70 சதவீதம் 110. வாட்ச் போட்ட கணக்கு அவ்வளவுதான். நீங்கள் மாத்திரை சாப்பிடுவது அதற்குத் தெரியாது. மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களின் வேலையே இதயம் எகிறித் துடிக்காமல் பிடித்து வைப்பது, அப்படியிருக்க 110ஐத் தொட்டே தீருவேன் என்று நடந்தால் மாத்திரையோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். எண் வேண்டுமென்றால், வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு டிரெட்மில் டெஸ்ட் (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்து, அதைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அதுவரை மூச்சுதான் மீட்டர். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் காய்கறி விலை பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள், பேச்சு பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். முதல் ஐந்து நிமிடம் நிதானமாக, நடுவில் டாக்டர் அனுமதித்த நேரம் வரை கொஞ்சம் வீச்சாக, கடைசி ஐந்து நிமிடம் மறுபடி நிதானமாக. சட்டென்று நிற்காதீர்கள், தலை சுற்றும்.

அப்புறம் இந்த 10,000 அடி. 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தபோது அதற்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள், அங்கிருந்து ஒட்டிக்கொண்ட எண் இது. எந்த இதய டாக்டரும் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அல்ல. இப்போது 2,500 அடி நடக்கிறீர்களா, அதிலிருந்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், போதும்.

அதற்காகப் போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மாரடைப்பு வந்த 120 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2014இல் வெளியானது. போன் வழியாக வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கடைசி வரை முடித்தார்கள், மையத்துக்குப் போய்வந்தவர்களில் சுமார் 47 சதவீதம்தான். உங்கள் டிராஃபிக் கதைதான் அங்கேயும். ஆனால் அந்தப் போனுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், கணக்கைப் பார்த்துவிட்டு வாரந்தோறும் கூப்பிட்டுப் பேசினார். உங்கள் ஆப்பில் இல்லாதது அதுதான். விட்டு வந்த பிசியோதெரபிஸ்டிடம் கூச்சப்படாமல் பேசி, வாரக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேளுங்கள். மகனும் ஞாயிற்றுக்கிழமை கேட்கட்டும். (கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பர் ஒருவர் சாட்சி. போனைப் பேரன் பாக்கெட்டில் போட்டுப் பார்க்குக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் 9,000 அடி என்று மனைவியிடம் காட்டினார்!)

தில்லிக் குளிரில் இன்னொன்று. விடியற்காலை நடை வேண்டாம். அந்த நேரத்தில்தான் புகை தரையோடு படிந்து கிடக்கும், குளிரும் இதயத்துக்கு ஆகாது. போனில் காற்றின் தரத்தைப் பாருங்கள், சிவப்பில் இருந்தால் வீட்டுக்குள்ளேயே வராந்தாவில் நடங்கள், மற்ற நாட்களில் மதியம் வெயில் வந்த பிறகு. சாப்பிட்ட உடனே மட்டும் கிளம்பாதீர்கள்.

மலை மந்திர் படியை டிரெட்மில் டெஸ்ட் முடியும்வரை தள்ளிப் போடுங்கள், முருகன் காத்திருப்பார். நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம், குப்பென்று வியர்வை வந்தால் அங்கேயே உட்காருங்கள். டாக்டர் கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரை இருந்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையென்றால் அவசர உதவிக்கு 112ஐக் கூப்பிடுங்கள். போனின் பூட்டிய திரையிலேயே தெரிகிற மாதிரி ஸ்டென்ட் விவரம், மாத்திரைப் பெயர், பக்கத்து வீட்டு நம்பர் போட்டு வையுங்கள். சென்னை மகன் நம்பர் இரண்டாவதாக இருக்கட்டும், அவன் வந்து சேர மூன்று மணி நேர விமானம்.

கேள்வி: அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. வாக்கிங் போகும்போது போனை ரவிக்கைக்குள் செருகிக்கொள்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. ஆபத்தா? (மயூர் விஹார்)

பதில்: போனில் பேசலாம், எதிர்ப்பக்கக் காதில் வைத்து. ரவிக்கைக்குள் வேண்டாம். சில புதுப் போன்களின் முதுகில் காந்தம் இருக்கிறது, மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கரின் வேலையை மாற்றிவிடலாம். 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் கவலையில்லை. இடுப்பில் ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுங்கள், அடியும் ஒழுங்காக எண்ணும்.