எடுப்பான நிறம் எது? கேள்வி பதில்

பதினான்கு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு பட்டுக் கடையில் புடவை பிரித்துப் போட்டவள். நிறம் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நான் நல்ல கறுப்பு. கடையில் எனக்கு வெளிர் நிறமாகத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அத்தைகளும் "லைட்டா எடு" என்கிறார்கள். அடர் நிறம் எனக்குச் சேராதா அக்கா? (மதுரை)

தாராளமாகச் சேரும். கடையில் இருந்தபோது நானும் அதே தப்பைச் செய்தவள்தான். கறுப்பாக ஒரு பெண் படியேறி வந்தாலே கை தானாக இளம் ரோஸ், சந்தனம், பிஸ்தா அடுக்கின் பக்கம் போகும். அப்புறம் அலங்காரத் தொழிலுக்கு வந்து கல்யாண ஆல்பங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது: புடவை பளிச்சென்று இருக்கும், முகம் அதற்குப் பின்னால் எங்கேயோ போயிருக்கும்.

உங்கள் தோல் அடர்ந்த, கலப்படமில்லாத நிறங்களை நன்றாகத் தாங்கும். அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, எம்.எஸ். புளூ எல்லாம் கட்டிப் பாருங்கள். வெளுத்த பெண் வாடாமல்லி கட்டினால் புடவைதான் முதலில் நடந்து வரும். உங்களுக்கு முகமும் கூடவே வரும். சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, சாம்பல் கலந்த மாதிரி மங்கலான ரோஸ், மங்கலான லாவெண்டர். இன்னொன்று, உங்கள் தோலோடு அப்படியே ஒட்டிப்போகும் காப்பி நிறம். வெளிர் நிறம்தான் பிடிக்கும் என்றால் சுத்த வெள்ளை, எலுமிச்சை மஞ்சள் எடுங்கள்.

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். காலை பத்து மணி வாக்கில், மேக்கப் இல்லாமல், வெயில் நேராக விழாத வாசல் பக்கம் கண்ணாடியோடு உட்காருங்கள். துணியைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். துணியைப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குக் கீழேயும் உதட்டோரமும் பாருங்கள். சேராத நிறம் என்றால் அங்கே இருக்கும் கருமை ஒரு படி கூடும். சேர்கிற நிறம் என்றால் நன்றாகத் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்கிறார்கள். எனக்கு எதுவுமே தெரியவில்லை! (கோவை)

தெரியாது. மாநிறத்தைத் தாண்டினால் பலருக்கு நரம்பே சரியாகத் தெரிவதில்லை. தெரிந்தாலும், தோலின் மஞ்சள் சாயல் அதைப் பச்சையாகத்தான் காட்டும். கறுப்பு, சிவப்பு என்று நாம் சொல்வது மெலனின் அளவு. அண்டர்டோன் என்பது அதற்கு அடியில் தெரிகிற சாயல்; மஞ்சள் பக்கம் சாய்ந்தால் வார்ம், ரோஸ் அல்லது நீலப் பக்கம் சாய்ந்தால் கூல். ஒரே அளவு கறுப்பான அக்கா தங்கைக்கே இது வேறுபடும்.

தங்கமா வெள்ளியா என்று வைத்துப் பார்க்கும் முறையும் நமக்கு அவ்வளவு ஒத்துவராது. பிறந்ததிலிருந்து தங்கத்தோடு பார்த்துப் பழகிய முகத்தில் வெள்ளி எப்போதும் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். நான் வைத்திருப்பது இரண்டு சிவப்புத் துணிகள். ஒன்று தக்காளிச் சிவப்பு, இன்னொன்று பீட்ரூட் சிவப்பு. தக்காளிக்கு முகம் தெளிந்தால் வார்ம், பீட்ரூட்டுக்குத் தெளிந்தால் கூல். இரண்டுமே நன்றாக இருந்தால் நியூட்ரல். பிறகு என்ன, பட்ஜெட் மட்டும்தான் பிரச்சினை.

கடையில் மெரூனாக இருந்த பட்டு வீட்டுக்கு வந்ததும் பழுப்பாகத் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (சேலம்)

புடவை மாறவில்லை, வெளிச்சம் மாறிவிட்டது. ஒரு விளக்கில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தெரிகிற சாயங்கள் நிறைய உண்டு. பல கடைகளில் சரிகை மின்ன வேண்டும் என்று மஞ்சள் விளக்கு போடுவார்கள். அதில் சிவப்புகள் எல்லாம் சூடேறிக் காட்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த பட்டு என்றால் மடிப்பைத் திருப்பினாலே நிறம் மாறும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆள் கூடவே வருவார், வரட்டும்.

பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதும் முக்கியம். பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824-ல் செவ்ரெல் என்ற வேதியியலாளர் அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. உங்கள் முகத்துக்கு அந்தப் பக்கத்து நூல் முந்தானையும் ரவிக்கையும்தான். பிடித்த புடவை சேரவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம், ரவிக்கை நிறத்தை மாற்றிப் பாருங்கள். கழுத்தை ஒட்டி இருப்பது அதுதானே.

ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. (திருநெல்வேலி)

ஃபவுண்டேஷனில் நிறம் தருவது பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும்தான். வெளிர் ஷேடில் அந்த வெள்ளை அதிகம். உங்களைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக வாங்கியிருப்பீர்கள், அது சாம்பலாக நிற்கிறது. புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் மூன்று ஷேடைக் கோடு போட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். சிலது எண்ணெய் பட்டதும் கறுத்துவிடும். மூன்றில் எது காணாமல் போகிறதோ, அது உங்களுடையது. பாடகி ரிஹானாவின் ஃபென்டி மேக்கப் கம்பெனி 2017-ல் 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் அடர் ஷேடுகளைக் கூட்டின. இப்போது கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

நியூட் லிப்ஸ்டிக் போட்டால் காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறேன்.

நியூட் என்றால் தோல் நிறத்தோடு ஒட்டிப்போவது. நீங்கள் வாங்கியது வேறு யாருடைய தோலுக்கோ நியூட். உங்கள் உதட்டைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு ரோஸ் எடுங்கள்.

எனக்கு 58 வயது. டை அடிப்பதை நிறுத்திவிட்டேன். பிடித்த பாசிப்பச்சை இப்போது நன்றாக இல்லை. (யாழ்ப்பாணம்)

அம்மா, கறுத்த கூந்தல் முகத்துக்கு ஒரு சட்டம் மாதிரி இருந்தது. அது வெளுத்ததும் மங்கிய நிறங்கள் முகத்தையும் மங்கவைக்கின்றன. பச்சைதான் வேண்டும் என்றால் மரகதப் பச்சைக்கு மாறுங்கள். நரைக்குக் கருநீலமும் மாதுளைச் சிவப்பும் அவ்வளவு அழகு. மருதாணி போடுகிறவர் என்றால் கணக்கு வேறு; அந்தச் செம்பட்டைக்குப் பக்கத்தில் ராணி பிங்க் சண்டை போடும்.

ஃபோட்டோ அனுப்பினால் எனக்கு எது சேரும் என்று சொல்வீர்களா அக்கா?

சொல்வேன், ஆனால் ஃபோன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். ஜன்னலைப் பார்த்து நின்று, ஃபில்டர் இல்லாமல், முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் முகமும் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். போன வாரம் ஒரு பெண் அனுப்பிய படத்தில் தாடை மட்டும் பச்சையாக இருந்தது. ஆலிவ் அண்டர்டோன் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். "அக்கா, அது எங்க வீட்டுச் சுவர்" என்று பதில் வந்தது.